சொந்தப் பாட்டு எழுதினால் ஜெயிக்கலாமா? கே-பாப் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, கே-பாப்பில், அதாவது கொரிய பாப் இசையில், சொந்தமாகப் பாட்டு எழுதுகிற குழுதான் நிலைக்கும் என்று என் தோழி அடித்துச் சொல்கிறாள். உண்மையா?

பதில்: அப்படி இல்லம்மா. ட்வைஸ் என்ற பெண்கள் குழுவை வீட்டுக்கு வீடு கொண்டுபோன ‘சியர் அப்’, ‘டிடி’ இரண்டுக்கும் இசை போட்டது பிளாக் ஐட் பில்சுங் என்ற இரட்டையர். இன்னொரு பெண்கள் குழுவான பிளாக்பிங்க்குக்குப் பாட்டு செய்தவர் என்றால் டெடி. இரண்டு குழுவும் உச்சிக்குப் போனவைதானே?

கேள்வி: அப்போ பிடிஎஸ் பையன்கள்?

பதில்: அந்தக் குழுவின் ஆர்எம், சுகா, ஜே-ஹோப் மூவரும் 2013இல் அறிமுகமானதிலிருந்தே எழுதுகிறார்கள். ஆனாலும் வாராவாரம் ஒரு பாட்டை வெற்றிப் பாட்டாக அறிவிக்கும் கொரிய டிவி இசை நிகழ்ச்சியில் முதல் வெற்றி கிடைத்தது 2015 மே மாதம்தான். எழுதியதால் உடனே கதவு திறந்துவிடவில்லை.

2020ஐப் பாருங்கள். அமெரிக்கப் பாடல் தரவரிசையான ஹாட் 100இல் முதல்முறை முதலிடம் தந்த ‘டைனமைட்’ வெளியாட்கள் எழுதியது. சில மாதம் கழித்து, உறுப்பினர்களும் சேர்ந்து எழுதிய, பெரும்பாலும் கொரிய மொழியில் உள்ள ‘லைஃப் கோஸ் ஆன்’ நேராக முதலிடத்திலேயே இறங்கியது. அதை அமெரிக்க ரேடியோ கண்டுகொள்ளவே இல்லை. தூக்கி நிறுத்தியது ரசிகர்கள். ஊர் முடங்கிக் கிடந்தபோது ‘இவர்களும் நம்மைப் போலத்தான் இருக்கிறார்கள்’ என்று அந்தப் பாட்டில் கேட்டது. புது ஆளைக் கூட்டிவர எந்த நல்ல பாட்டும் போதும். வந்தவரை உட்காரவைப்பது இந்தச் சொந்தக் குரல்தான் என்பது என் எண்ணம்.

கேள்வி: நன்றாக எழுதுகிறவர் இருந்தும் பெரிதாக வராத குழு உண்டா அக்கா?

பதில்: பென்டகன். நினைத்தாலே மனசு கனக்கும். 2017இல் அந்தக் குழுவின் ஹூயி, ஃப்ளோ ப்ளோ என்ற இசையமைப்பாளர்களோடு சேர்ந்து வான்னா ஒன் என்ற வேறு குழுவுக்கு ‘எனர்ஜெடிக்’ எழுதினார். கொரியாவில் முதலிடம். பியானோவில் மெதுவாகத் தொடங்கி, சட்டென்று வேகம் பிடிக்கும் அந்த இடத்தைக் கேட்டுப் பாருங்கள். அதே கை எழுதிய பென்டகனின் ‘ஷைன்’ 2018இல் நல்ல பெயர் வாங்கியது, ஆனால் அந்த உயரம் வரவில்லை. வான்னா ஒன்னின் 11 பேரையும் டிவி போட்டி பார்த்தவர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பாட்டு வருவதற்கு முன்பே கூட்டம் காத்திருந்தது.

கேள்வி: எழுதினால் பணம் கூட வருமா?

பதில்: வரும். பாட்டின் உரிமைத் தொகை எழுதியவருக்குத் தனியாகப் போகும். பல கம்பெனிகளில் போட்ட செலவைக் கழித்த பிறகுதான் குழுவுக்குப் பங்கு என்பதால், இது பெரிய ஆறுதல்.

கேள்வி: வித்தியாசம் காதில் தெரியுமா?

பதில்: செவன்டீனைக் கேளுங்கள். 13 பேர் உள்ள குழு. எழுதுகிற ஊஜி அவர்களோடு வளர்ந்தவர். யார் குரல் எங்கே ஏறும், எங்கே திணறும் என்று அவருக்குத் தெரியும். 2015இல் வந்த ‘அடோர் யூ’விலிருந்து தொடங்குங்கள்.