சீம்பால் – ஒரு கடிதம்

அன்புள்ள அம்மாவுக்கு,

கழுதைப்பால் விற்கிறவரைப் பற்றி நீங்கள் போன மாதம் எழுதியதைப் படித்தேன். அதனால்தான் உங்களிடம் கேட்கத் தோன்றியது. ஈஞ்சம்பாக்கத்தில் எங்களுக்கு ஒரு சின்னத் தோட்டவீடு இருக்கிறது. அங்கே சிட்டு என்று ஒரு மினியேச்சர் குதிரை வளர்க்கிறோம். உயரம் 32 அங்குலம். மகளுக்காக வாங்கியது. இப்போது முதல் முறையாகச் சினையாக இருக்கிறது. ஆண் குதிரையோடு சேர்த்த தேதியிலிருந்து நேற்றோடு 338 நாள். மூன்று வாரமாக எனக்கு ராத்திரித் தூக்கம் இல்லை. லாயத்தில் கேமரா வைத்திருக்கிறேன். போதாதென்று அரைமணிக்கு ஒரு தடவை டார்ச்சோடு போய்ப் பார்த்துவிட்டும் வருகிறேன். பத்து நாளாக மடி கட்டியிருக்கிறது, பால் சொட்டுகிறது. சிட்டுவைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் தினமும் சாயந்திரம் கொஞ்சம் கறந்து கீழே விட்டு மடியைத் தளர்த்திவிடுகிறார். ஆனாலும் குட்டி போடுகிற வழியைக் காணோம். இன்னும் எத்தனை நாள் ஆகும்? ஊசி போட்டு வரவழைத்துவிடலாமா? அமாவாசைக்கு முன்னால் போடாது என்கிறார் அப்பா, உண்மையா? குட்டி எவ்வளவு உயரம் வளரும்? இந்தக் காத்திருப்பை எப்படித்தான் தாங்குவது?

அன்புடன்,
உங்கள் வாசகன் (பெயர் வேண்டாமே)

அன்புள்ள தம்பி,

நான்கைந்து கேள்வி கேட்டிருக்கிறீர்கள். நான் பதில் எழுத உட்கார்ந்தது அதில் எதற்காகவும் இல்லை. ‘கொஞ்சம் கறந்து கீழே விட்டு’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிக்காக. அதைப் படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இன்று சாயந்திரத்திலிருந்து அதை நிறுத்துங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம், முதலில் அந்தப் பெரியவருக்குப் போன் போடுங்கள்.

அடுத்த போன் மருத்துவருக்கு. இத்தனை நாள் முன்னாலேயே பால் சொட்டுவது சாதாரண விஷயம் இல்லை. நஞ்சுக்கொடியில் கிருமி தொற்றியிருந்தாலும் இப்படி ஆகும், வயிற்றில் இரட்டை இருந்தாலும் ஆகும். ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். அதைத் தொட்டுப் பார்த்து, ஸ்கேன் செய்து சொல்ல வேண்டியவர் அவர். பத்து நாளாக அவரிடம் சொல்லாமல் எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். எனக்குக் கோபம் வருகிறது தம்பி, மன்னித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்விகளை முடித்துவிடுகிறேன். குதிரைக்குச் சினைக்காலம் 11 மாதம் என்பது உத்தேசக் கணக்கு. 320 நாளில் போட்டதும் உண்டு, 360 தாண்டிப் போட்டதும் உண்டு. 338 ஒன்றும் தாமதம் இல்லை. அமாவாசையை அப்பாவிடமே விட்டுவிடுங்கள். உயரம் இப்போது எதற்கு? குட்டி உயிரோடு வந்து நிற்கட்டும். ஊசி வேண்டவே வேண்டாம். குதிரைக்குட்டி வெளியே வந்து மூச்சுவிடத் தயாராவதே வயிற்றில் இருக்கிற கடைசி இரண்டு மூன்று நாளில்தான். அதற்கு முன்னால் வரவழைத்தால் பார்க்க முழுக்குட்டி மாதிரிதான் இருக்கும். ஆனால் நிற்கத் தெம்பிருக்காது, காம்பைப் பிடித்து உறிஞ்சவும் வராது. தாயின் உயிருக்கு ஆபத்து என்று மருத்துவர் முடிவெடுத்தால் அது வேறு. உங்கள் தூக்கத்துக்காக அதைச் செய்யக் கூடாது.

சரி, மடிக்கு வருகிறேன்.

நாங்கள் அப்போது புதுப்பேட்டையில் இருந்தோம். தாத்தா ஜட்கா ஓட்டினார். எழும்பூர் ஸ்டேஷன் வாசலில் அவருக்குச் சவாரி. ஊரில் ஜட்காக்கள் ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருந்த காலம் அது. எங்கள் குதிரை செவலைப் பெட்டை, நெற்றியில் வெள்ளை, பெயர் ராசாத்தி. அது சினையாகி மாதம் ஏற ஏற, தாத்தா சவாரியைக் குறைத்துக்கொண்டே வந்து கடைசி இரண்டு மாதம் வண்டியே பூட்டவில்லை. வீட்டில் அரிசிக்குக் கஷ்டம். ஆயா ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எனக்குப் பத்து வயது. ராத்திரியில் லாந்தரைத் தூக்கிப் பிடிப்பது என் வேலை. ஒருநாள் தாத்தா குதிரையின் பின்னங்கால் பக்கம் குந்தி உட்கார்ந்து என்னை அருகில் கூப்பிட்டார். மாட்டுக்கு நான்கு காம்பு, குதிரைக்கு இரண்டுதான். தொடை இடுக்கில் ஒளிந்திருக்கிற சின்ன மடி. அந்த இரண்டு காம்பின் நுனியிலும் மெழுகுவர்த்தி உருகி உறைந்த மாதிரி மஞ்சளாக ஒவ்வொரு துளி. கட்டைவிரலால் ஒன்றைத் தள்ளி என் உள்ளங்கையில் வைத்தார். முருங்கைப் பிசின் மாதிரி ஒட்டியது. ‘இது வந்துட்டா ரெண்டு நாளு, மிஞ்சிப்போனா மூணு நாளு’ என்றார். அந்தக் கணக்குத் தப்பவில்லை. குதிரையின் உடம்பை அவ்வளவு தெரிந்தவர்.

அவ்வளவு தெரிந்தவர்தான் மறுநாள் காலையில் ஒரு சொம்பை எடுத்துவந்து கறந்தார். பாலா அது? தேன் மாதிரி கெட்டியாக, மஞ்சளாக நூல் விட்டது. ‘கட்டின பாலு, குட்டிக்கு ஆகாது, மந்தம் பண்ணும்’ என்று சொம்பை என்னிடம் கொடுத்தார். நான்தான் கொண்டுபோய் முருங்கை மரத்தடியில் ஊற்றினேன். சாயந்திரமும் ஊற்றினேன். அடுத்த நாளும் ஊற்றினேன். குட்டி விழுந்த பிறகும், மடியில் இருந்ததை மொத்தமாகக் கறந்துவிட்டுத்தான் குட்டியைக் காம்புப் பக்கம் விட்டார்.

என்ன அழகான குட்டி! விடியற்காலை இரண்டு மணிக்கு விழுந்தது. ஒரு மணி நேரத்துக்குள் நாலு காலும் நாலு திசைக்கு இழுக்க எழுந்து நின்றுவிட்டது. இரண்டு நாள் துள்ளிற்று. மூன்றாம் நாள் காலையில் முன்னங்கால் மூட்டு வீங்கி, தொட்டால் சுட்டது. நான்காம் நாள் படுத்தது எழவில்லை. தாத்தா வேப்பேரிக்கு ஓடி ஒரு டாக்டரைக் கூட்டிவந்தார். டாக்டர் குட்டியின் கண் இமையைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ‘சீம்பால் குடிச்சுதா?’

தாத்தா என்னைப் பார்த்தார். நான் முருங்கை மரத்தைப் பார்த்தேன்.

அன்று ராத்திரியே குட்டி போய்விட்டது. ராசாத்தி மடி கனத்து, கால் மாற்றி மாற்றி நின்று, விடிகிறவரை கனைத்துக்கொண்டே இருந்தது. 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். முன்னால் போய் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அந்த ஆற்றாமை எனக்கு இன்னும் தீரவில்லை. அதனால்தான் உங்களைத் திட்டுகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதே வீட்டில், இதற்கு இரண்டு வருஷம் முன்னால் என் தம்பி பிறந்தான். ஆயா மூன்று நாள் அம்மாவைப் பால் கொடுக்கவிடவில்லை. மஞ்சள் பால் ஆகாது என்று பீய்ச்சி ஊற்றச் சொல்லிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் வைத்தாள். தெருவில் வந்த கழுதையிடம் ஒரு பாலாடை பால் வாங்கிப் புகட்டினாள். தம்பி பிழைத்தான். அவன் பிழைத்ததால் அந்தப் பழக்கமும் பிழைத்துக்கொண்டது. ஒரே வீடு, ஒரே தப்பு. தம்பி பிழைத்தான், குட்டி ஏன் பிழைக்கவில்லை என்று நான் பல வருஷம் யோசித்திருக்கிறேன்.

காரணம் இதுதான். மனிதக் குழந்தைக்கு நோய் எதிர்ப்புச் சக்தியில் ஒரு பங்கைத் தாய் வயிற்றிலேயே, கடைசி மாதங்களில் நஞ்சுக்கொடி வழியாகக் கொடுத்து அனுப்பிவிடுகிறாள். தம்பி அந்த முதலீட்டில் தப்பித்தான். குதிரையின் நஞ்சுக்கொடி அப்படி இல்லை. தாய் ரத்தத்துக்கும் குட்டி ரத்தத்துக்கும் நடுவில் ஆறு அடுக்குச் சுவர் இருக்கிறது. எதிர்ப்புப் புரதம் அதைத் தாண்டி வராது. மாடு, ஆடு, கழுதைக்கும் தாண்டி வராது. குட்டி வெறும் உடம்போடுதான் பூமியில் விழுகிறது. அதற்குச் சேர வேண்டியதை எல்லாம் தாய் கடைசி வாரங்களில் மடியில் சேர்த்து வைத்திருக்கிறது. அது ஒரு தடவைதான் சேரும். கறந்துவிட்டால் அடுத்து ஊறுவது வெறும் பால். அதில் வயிறு நிறையும், காவல் இருக்காது. அதோடு குட்டியின் குடல் அந்தப் புரதத்தை அப்படியே ரத்தத்துக்குள் விடுவது பிறந்த முதல் சில மணி நேரம்தான். முதல் ஆறு மணி நேரம் தங்கமான நேரம். ஒரு நாள் ஆனால் கதவு மூடிவிடும். அப்புறம் குடம் குடமாகச் சீம்பால் கொடுத்தாலும் ரத்தத்தில் சேராது.

குழந்தைக்கு மட்டும் சீம்பால் போனால் பரவாயில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. என் ஆயா கேட்டிருந்தால் அவளையும் திட்டியிருப்பேன். போன மாதம் அந்தக் கழுதைப்பால் கட்டுரையை எழுதும்போதும் இதுதான் மனதில் ஓடியது. எங்கள் தெருமுனையில் கழுதையைக் கறந்துகொண்டிருந்தபோது, அதன் குட்டி கயிற்றின் நீளம் முடிகிற இடத்தில் நின்று வாயைச் சப்பிக்கொண்டிருந்தது.

சிட்டு எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பத்து நாளில் எவ்வளவு போயிற்று, எவ்வளவு மீதி என்றும் தெரியாது. நல்லதை நினைப்போம். இனிக் காம்பைப் பிழிய வேண்டாம். சொட்டுவது ஒழுக்காக மாறினால், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, சுத்தமான பாத்திரத்தில் பிடித்து, தேதி எழுதி ஃப்ரீசரில் வையுங்கள். ஒரு சொட்டும் மண்ணுக்குப் போக வேண்டாம். உருக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து உருக்குங்கள். அடுப்பில் வைத்தாலோ மைக்ரோவேவில் வைத்தாலோ அந்தப் புரதம் கெட்டுவிடும். சமீபத்தில் குட்டி போட்ட வேறு பெட்டைக்குதிரை எங்காவது இருக்கிறதா, அதன் சீம்பால் உறைய வைத்தது கிடைக்குமா என்று மருத்துவர் மூலமாக இப்போதே விசாரித்து வையுங்கள். குட்டி பிறந்த மறுநாள் அதன் ரத்தத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். எதிர்ப்புப் புரதம் குறைவாக இருந்தால் பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியை, ஏற்றிக் காப்பாற்ற வழி இருக்கிறது. என் தாத்தாவுக்கு இந்த வழி எதுவும் தெரியாது. உங்களுக்குத் தெரியாது என்று இனிமேல் சொல்ல முடியாது.

ராத்திரியைப் பற்றிக் கொஞ்சம். குதிரைகள் பெரும்பாலும் நடுராத்திரியிலிருந்து விடியற்காலைக்குள்தான் போடும். ஆள் நடமாட்டம் இருந்தால் தள்ளிப்போடவும் அவற்றால் முடியும். நீங்கள் அரைமணிக்கு ஒரு தடவை டார்ச் அடித்தால் அது எப்படிப் படுக்கும்? தள்ளி உட்காருங்கள். மரத்தூளை அள்ளிவிட்டு வைக்கோலைப் பரப்புங்கள், தூள் குட்டியின் மூக்கில் ஒட்டும். தீனியைக் கவனியுங்கள். இந்தக் குள்ள ஜாதிக்கு, சினையின் கடைசியில் ஒரு நாள் தீனி எடுக்காமல் போனாலே உடம்புக் கொழுப்பு கரைந்து ரத்தத்தில் ஏறி உயிருக்கே ஆபத்தாகிவிடும். அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

பனிக்குடம் உடைந்தால் அரைமணிக்குள் குட்டி வெளியே வந்துவிட வேண்டும். முதலில் தெரிய வேண்டியது வெண்மையான, கண்ணாடி மாதிரி பை. அதற்குப் பதிலாகச் சிவப்பாக, வெல்வெட் துணி மாதிரி வந்தால் யாரையும் எதிர்பார்க்காமல் உடனே கிழித்துவிடுங்கள். உள்ளே குட்டிக்கு மூச்சு நின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். பத்து நிமிஷம் நன்றாக முக்கியும் ஒன்றும் முன்னேறவில்லை என்றாலும் போனை எடுங்கள். இந்தச் சின்னக் குதிரைகளின் குட்டிக்கு உடம்புக்குத் தலை பெரிது, சிக்கிக்கொள்வது அதிகம். மருத்துவர் ஊருக்குள்ளிருந்து ஈஞ்சம்பாக்கம் வந்து சேர நேரம் ஆகும். எனவே அவரிடம் இன்றைக்கே பேசி, ராத்திரி எந்த நம்பரில் எடுப்பார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். குட்டி ஒரு மணி நேரத்தில் நிற்க வேண்டும், இரண்டு மணியில் குடிக்க வேண்டும், மூன்று மணிக்குள் நஞ்சுக்கொடி விழ வேண்டும். விழாவிட்டால் நீங்கள் பிடித்து இழுக்காதீர்கள்.

கடைசியாக அந்தப் பெரியவர். அவரைக் கடிந்து பேசாதீர்கள். திட்டெல்லாம் உங்களுக்குத்தான், அவருக்கு இல்லை. மடி கட்டி அது கால் மாற்றி நிற்பதைப் பார்த்து மனசு கேட்காமல் கறந்திருப்பார். என் தாத்தாவும் அப்படித்தான். இந்தப் பதிலை அவருக்கு உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள், முருங்கை மரம் வருகிற இடத்தை விட்டுவிடாதீர்கள். ராத்திரிக் காவலுக்கும் அவரையே வையுங்கள். வைக்கோலைக் காலால் கிளறுகிற சத்தம் மாறினால் அவருக்குக் காதிலேயே தெரிந்துவிடும். நீங்கள் அவர் பக்கத்தில் ஒரு பாயை விரித்துக்கொண்டு படுங்கள், அவர் எழுப்புவார்.