மூடி ஏன் முட்டுகிறது?

கேள்வி: கோத்தகிரியில் சிறிய தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறோம். சுற்றுலா வருவோருக்கு 100 கிராம் தேயிலையை வைத்து விற்பதற்காக, 3 மி.மீ. பிளைவுட்டில் ஒரு சிறு பெட்டியை நானே வரைந்து, கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் லேசரில் வெட்டி வாங்கினேன். மூடியின் இரு பக்கமும் நீண்டிருக்கும் முளைகள் பக்கப்பலகைகளின் துளைகளில் சுழல்வதுதான் கீல். மூடியைச் சற்றே தூக்கியதும் அது பின்பலகையில் முட்டி நின்றுவிடுகிறது. பலகைகளை ஒன்றோடொன்று கோக்கும் பற்களும் இறுகாமல் ஆடுகின்றன. தவறு பட்டறையிலா, என் வரைபடத்திலா?
— ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: வரைபடத்தில்தான் அம்மா, ஆனால் இரண்டும் எளிதில் திருத்தக்கூடியவை.

முளையின் குறுக்குவெட்டு 3 மி.மீ. சதுரம். சதுரம் சுழலும்போது அதற்கு வேண்டிய இடத்தை அதன் பக்கம் தீர்மானிப்பதில்லை, மூலைவிட்டமே தீர்மானிக்கிறது. அது ஏறத்தாழ 4.24 மி.மீ. ஆகவே துளை, வெட்டி முடித்த பின் 4.4 மி.மீ. இருக்க வேண்டும். மூடியின் பின்விளிம்பின் கதையும் இதுவே. துளையின் மையத்திலிருந்து அவ்விளிம்பு 1.5 மி.மீ. தள்ளியிருந்தால், மூடி திறக்கும்போது அதன் மேல்மூலை மையத்திலிருந்து 2.12 மி.மீ. வரை பின்னோக்கி வந்த பிறகே முன்னோக்கித் திரும்பும். மூடி கிடையாக இருக்கும் நிலையை மட்டும் பார்த்து வரைபவர்கள் எல்லோரும் தவறவிடும் இடம் இது. பின்பலகையின் உட்பக்கத்தை மையத்திலிருந்து 2.5 மி.மீ. தள்ளி வைத்து, அதன் உயரத்தை மூடியின் மேற்பரப்போடு சமமாக விட்டால், திறந்த மூடி பின்னால் சாய்ந்து அந்தப் பலகையிலேயே தங்கி நிற்கும். பக்கப்பலகைகளை மட்டும் துளை இருக்கும் இடத்தில் காதுபோல் உயர்த்தி, துளைக்கு மேல் 3 மி.மீ. மரமாவது மிஞ்சும்படி வரையுங்கள்; இல்லையெனில் அது பிளந்துவிடும். வெட்டி வைத்துள்ள பெட்டிகளை வீணாக்க வேண்டாம். மூடியின் பின்புற மேல்விளிம்பை உப்புத்தாளால் உருட்டித் தேய்த்தாலே போதும். முளைகளைத் துளைகளில் நுழைத்த பிறகே இரண்டாவது பக்கப்பலகையை ஒட்ட முடியும் என்பதை மறந்து பெட்டியை உடைத்தவர்களில் நானும் ஒருவன்.

பற்கள் ஆடுவதற்குக் காரணம், லேசர் கோட்டின் இருபுறமும் மரத்தைத் தின்பதுதான். வெட்டின் அகலம் 0.15 மி.மீ. என்றால், 10 மி.மீ. பல் 9.85 ஆகக் குறையும், அதை ஏற்கும் பள்ளமோ 10.15 ஆக விரியும், இடைவெளி 0.3 மி.மீ. ஆகிவிடும். ஒவ்வொரு பலகையின் வெளிக்கோட்டையும் 0.075 மி.மீ. வெளியே தள்ளி வரையுங்கள். பட்டறைக்காரரும் தம் மென்பொருளில் இதே திருத்தத்தைச் செய்கிறாரா என்று முதலில் கேட்டுவிடுங்கள். இரண்டு முறை தள்ளினால் பற்கள் உள்ளேயே போகா. மேலும், 3 மி.மீ. என்று விற்கும் பிளைவுட் 2.7 ஆகவும் இருக்கும், 3.2 ஆகவும் இருக்கும். காலிப்பரால் அளந்த பிறகே பற்களின் ஆழத்தைத் தீர்மானியுங்கள்.

சமவெளியில் வெட்டிய பலகை, ஐப்பசி மழையில் கோத்தகிரியின் ஈரக்காற்றைக் குடித்து உப்பும். மூடிக்கு இருபுறமும் அரை மி.மீ. இடம் விடுங்கள், வார்னிஷ் பூசினால் உள்ளும் புறமும் ஒரே அளவாகப் பூசுங்கள், ஒரு பக்கம் மட்டும் பூசிய மூடி வளையும். கருகிய விளிம்பின் வாசனையைத் தேயிலை விரைவில் ஏற்றுக்கொள்ளும் என்பதால், தேயிலையை அலுமினியத் தாள் உறையில் இட்டே உள்ளே வையுங்கள்.

கேள்வி: பெட்டியின் உள்ளே ஒட்டுவதற்கான ரெக்சினையும் அதே இயந்திரத்தில் வெட்டலாமா?
— ஒரு வாசகர், குன்னூர்

பதில்: கூடாது. ரெக்சினில் பெரும்பாலும் பி.வி.சி. பூச்சு இருக்கும், லேசர் பட்டால் அதிலிருந்து எழும் ஹைட்ரஜன் குளோரைடு நுரையீரலையும் இயந்திரத்தையும் அரிக்கும். கத்தரிக்கோலே போதும்.