மறுமொழி: ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ ஏன் ஒட்டமாட்டேங்குது?

போன் ஸ்பீக்கரை விட்டுட்டு ஹெட்ஃபோனில் கேளுங்க. ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் இந்த 1959 ஆல்பத்தை மூணு தடவை போனிலேயே ஓடவிட்டும் ஹோட்டல் லாபி இசை மாதிரி இருக்குன்னு எழுதியிருக்கீங்க. முதல் பாட்டு ‘ஸோ வாட்’டில் மெட்டைச் சொல்றதே பால் சேம்பர்ஸ் வாசிக்கிற டபுள் பாஸ்தான் (ஆளுயர வயலின் மாதிரி இருக்கிற, கீழ்ஸ்தாயி வாத்தியம்). சின்ன ஸ்பீக்கரில் அது காணாமப் போயிடும்.

இதைச் சோதிச்சுப் பாருங்க: அரை நிமிஷ முன்னிசை முடிஞ்சதும் பாஸ் ஒரு கேள்வி போடும், பியானோ ரெண்டே கார்டில் (chord, சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரங்கள்) தலையாட்டும். அடுத்த சுற்றில் ட்ரம்பெட்டும் சாக்ஸஃபோனும் சேர்ந்துக்கும். பாஸ் கேள்வி தொடங்கினதிலிருந்து 16 பார் (நாலு தட்டு ஒரு பார்) போனதும் மொத்தமும் அரை ஸ்வரம் மேலே ஏறும்; 8 பார் கழிச்சு இறங்கிடும். அந்த ஏற்றம் காதில் விழுதா?

ராக் கேட்டுப் பழகின காதுக்கு அப்பவும் மந்தமாத் தோணலாம். எனக்கே இதே ஆல்பத்தில் ‘ப்ளூ இன் க்ரீன்’ பாட்டு வந்தா இன்னிக்கும் கண்ணு சொக்கும். அப்படின்னா அதே வருஷம் வந்த ஜாஸ் கலைஞர் சார்லஸ் மிங்கஸின் ‘மிங்கஸ் ஆ உம்’ ஆல்பத்தைப் போடுங்க. முதல் பாட்டே கைதட்டலும் கூச்சலுமாத்தான் இருக்கும்.