வாசகர் கேள்வி – பதில்: எத்தனை லிட்டர் பெயிண்ட் வாங்குவது?

கேள்வி: வீட்டின் உட்புறச் சுவர்களுக்கு நாங்களே பெயிண்ட் அடிக்க இருக்கிறோம். தரைப் பரப்பை மூன்றரையால் பெருக்கினால் சுவரும் சீலிங்கும் சேர்ந்த பரப்பு கிடைத்துவிடும் என்கிறார்கள். அந்தக் கணக்கை நம்பி வாங்கலாமா?

பதில்: செலவைத் தோராயமாக மதிப்பிட அது போதும், டின் வாங்கப் போதாது. அறை சிறியதாக இருந்தால், தரையோடு ஒப்பிடும்போது சுவரின் பங்கு கூடிவிடும் என்பதே காரணம். 12க்கு 10 அடி அறையில் நான்கு சுவர்களின் மொத்த நீளம் 44 அடி; உயரம் 10 அடி என்றால் 440 சதுர அடி. அதிலிருந்து 7க்கு 3 அடிக் கதவு ஒன்றையும் 4க்கு 4 அடி ஜன்னல்கள் இரண்டையும் கழித்தால் 387 நிற்கும். சீலிங் 120 சதுர அடியைக் கூட்டினால் 507, அதாவது தரையைப் போல் நான்கு மடங்குக்கும் மேல். அதே உயரமுள்ள 20க்கு 15 அடிக் கூடத்தில், கதவு ஜன்னல்களுக்கு 80 சதுர அடி கழித்து, சீலிங்கைக் கூட்டினால், 920தான் வரும். இது மூன்று மடங்கைச் சற்றே தாண்டுகிறது. ஆகவே டேப்பை எடுத்து ஒவ்வோர் அறையையும் தனித்தனியே அளந்துவிடுங்கள்.

அடுத்து, டின்னில் அச்சிட்டிருக்கும் பரப்பளவைப் பாருங்கள். அது ஒரு கோட்டுக்கா (சுவர் முழுவதும் ஒரு முறை அடிப்பதற்கா), இரண்டு கோட்டுக்கா என்பதைக் கவனிக்காவிட்டால், வாங்கும் அளவு இரு மடங்காகவோ பாதியாகவோ மாறிவிடும். என் பார்வையில் மற்ற எல்லாப் பிழைகளையும்விட இதுவே பெரியது. லிட்டருக்கு ஒரு கோட் 110 சதுர அடி என்று இருந்தால், மேற்சொன்ன அறையின் 387 சதுர அடிச் சுவருக்கு இரண்டு கோட் அடிக்க 7 லிட்டர் வேண்டும். ரோலரிலும் ட்ரேயிலும் தங்குவதற்கும் பிறகு ஒட்டுப்போடுவதற்கும் பத்து சதவீதம் சேர்த்து, 8 லிட்டராக வாங்கலாம். சீலிங்குக்குப் பெரும்பாலும் வேறு பெயிண்ட் என்பதால் அதைத் தனியாகக் கணக்கிடுங்கள்.

டின்னில் உள்ள அளவு, வழவழப்பான, பிரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடித்த சுவருக்கானது. புதிய பூச்சுச் சுவரும் பட்டி (சுவரைச் சமப்படுத்தப் பூசும் மாவு) பார்த்த சுவரும் பெயிண்டை உறிஞ்சும் என்பதால், பிரைமரைத் தவிர்த்து மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் விலை கூடிய பெயிண்டைத்தான் வீணாக்குகிறார்கள். சொரசொரப்பான சுவர் இன்னும் கூடுதலாகக் கேட்கும். அடர் நிறத்தின்மேல் வெளிர் நிறம் அடிப்பதானால் மூன்றாவது கோட்டுக்கும் சேர்த்தே கணக்கிடுங்கள்.

கேள்வி: குறைந்தால் பிறகு வாங்கிக்கொள்ளலாம் அல்லவா?

பதில்: வெள்ளை நிறத்தில் அதிகச் சிக்கல் வராது. கடையில் கலந்து தரும் நிறமானால், ஒரே நிற எண்ணைச் சொன்னாலும் அடுத்த முறை கலக்கும்போது நிறம் சற்று மாறக்கூடும். சுவரின் நடுவில் அது பளிச்சென்று தெரியும். ஒரு நிறத்துக்கு வேண்டியதை ஒரே முறையில் வாங்கி, எல்லா டின்களையும் பெரிய வாளியில் ஊற்றிக் கலக்கிவிட்டுத் தொடங்குங்கள். அப்படியும் குறையும் என்று தெரிந்தால், கையிலுள்ள பெயிண்டைச் சுவர் மூலை வரை அடித்து நிறுத்திவிட்டு, புதிதாக வாங்குவதை அடுத்த சுவரில் முழுமையாக அடியுங்கள்.