ஹாபா, ஸ்டவ்வா, இண்டக்‌ஷனா? வாசகர் கேள்வி பதில்

அடுப்பு வாங்குவது பற்றி வந்த கடிதங்களில் பாதி "எந்த பிராண்டு நல்லது?" என்றே கேட்கின்றன. அவற்றை ஒதுக்கிவிட்டோம். வீட்டில் என்னென்ன பாத்திரம் இருக்கிறது, மேடைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பிராண்டைத் தேர்வு செய்வது சின்ன வேலை.

வீடு முடியும் நிலையில் இருக்கிறது. மாடுலர் கிச்சன் செய்பவர் 4 பர்னர் ஹாப் (மேடைக் கல்லை வெட்டிப் பதிக்கும் அடுப்பு) வைக்கச் சொல்கிறார். இப்போதுள்ள மாதிரி 3 பர்னர் ஸ்டவ்வே போதும் என்கிறார் மாமியார். எது சரி?
– வாசகி, திருச்சி

பர்னர் எண்ணிக்கையில் மாமியார் சொல்வதே சரி. 60 செ.மீ. அகல ஹாப்பில் 4 பர்னர் இருந்தாலும் 4 பாத்திரம் உட்காராது. 5 லிட்டர் குக்கரே ஏறத்தாழ 24 செ.மீ. விட்டம், கைப்பிடியோடு சேர்த்தால் இன்னும் நீளும். அதை முன்னால் வைத்தால், பின்னால் கொதிக்கும் ரசத்தைக் கிளற குக்கரின் ஆவிக்கு மேல் கையை நீட்ட வேண்டும். சேலைத் தலைப்புக்கும் அது ஆபத்து. தினமும் சாதம், குழம்பு, பொரியல் என்று சமைக்கும் வீட்டுக்கு 75 செ.மீ. அல்லது அதற்குச் சற்று மேற்பட்ட அகலத்தில் 3 பர்னர் வாங்குங்கள். கடைக்குப் போகும்போது பெரிய குக்கரையும் தோசைக்கல்லையும் எடுத்துப் போய் வைத்துப் பாருங்கள். விற்பவர் சிரித்தால் சிரிக்கட்டும்.

பெரிய பர்னரைக் காட்டி விற்பார்கள்; நீங்கள் சிறிய பர்னரைப் பாருங்கள். 3 கிலோவாட் பர்னரை முழுதாகத் திறந்தால் மணிக்கு 235 கிராம் கேஸ் போகும். தோசைக்கும் பெரிய அண்டாவுக்கும் அது வேண்டும். பாலுக்கும் நெய் காய்ச்சுவதற்கும் 1 கிலோவாட் அளவுள்ள சின்ன பர்னர் ஒன்று, சிம்மில் வைத்தால் அணையாமல் எரிவதாக இருக்க வேண்டும். தாளிப்புக் கரண்டி சாயாமல் நிற்க சிறிய வளையம் தருகிறார்களா என்றும் கேளுங்கள்.

அடுத்து, ஹாபா ஸ்டவ்வா என்பது. இதை மேடை உயரம்தான் முடிவு செய்ய வேண்டும். கால் வைத்த ஸ்டவ்வில் பாத்திரம் மேடையிலிருந்து 12 முதல் 15 செ.மீ. மேலே நிற்கும், ஹாப்பில் 5, 6 செ.மீ.தான். 34 அங்குல மேடையில் ஸ்டவ்வும் அதன் மேல் குக்கரும் வைத்தால், 5 அடி உயரமுள்ளவர் தோளைத் தூக்கித்தான் கிளற வேண்டியிருக்கும். முழங்கையிலிருந்து 4 அங்குலம் கீழே மேடை இருந்தால் ஹாப்புக்குப் பொருந்தும். ஸ்டவ் என்றால் அதற்கும் 3 அங்குலம் இறக்குங்கள். மேடை இன்னும் போடவில்லை என்றால் இதை இன்றே மேஸ்திரியிடம் சொல்லிவிடுங்கள்.

ஹாப் என்று முடிவானால், பெட்டி வீட்டுக்கு வந்து சேரும் வரை கிரானைட்டை வெட்ட விடாதீர்கள். "எல்லாம் ஒரே அளவுதான்" என்பார்கள். இல்லை, ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்கே வெட்டு அளவு மாறும். பெட்டியில் இருக்கும் அளவுத்தாளைக் கல்மேல் வைத்து வரைந்துதான் வெட்ட வேண்டும். மூலைகளைச் செங்குத்தாக வெட்டாமல் லேசாக வளைத்து வெட்டச் சொல்லுங்கள், கூர்மூலையில்தான் விரிசல் தொடங்கும். முன்னும் பின்னும் குறைந்தது 5 செ.மீ. கல் மிஞ்சட்டும், அதற்குக் குறைந்தால் தூக்கி வைக்கும்போதே உடையும்.

ஸ்டவ் பழுதானால் கடைக்குத் தூக்கிப் போகலாம், ஹாப்புக்கு ஆள் வீட்டுக்கு வர வேண்டும். அந்த நிறுவனத்துக்கு உங்கள் ஊரில் சர்வீஸ் ஆள் இருக்கிறாரா என்று கேட்டுக்கொண்டு பணம் கட்டுங்கள். வாடகை வீடு என்றால் ஹாப் பேச்சே வேண்டாம்.

ஹாப் வைத்து 3 மாதம் ஆகிறது. கீழே உள்ள டிராயரைச் சாத்தினால் சிம்மில் இருக்கும் தீ அணைந்துவிடுகிறது. பாத்திரத்திலும் கரி பிடிக்கிறது. ஹாப்பில் கோளாறா?
– வாசகி, கோவை

ஹாப்பை விட, அதைப் பொருத்திய விதத்தில் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். ஜெட் எனும் சிறு துளை முனையிலிருந்து பாயும் கேஸ் போகிற வழியில் காற்றையும் இழுத்துக்கொண்டு கலவைக் குழாய்க்குள் நுழைகிறது. அந்தக் காற்று போதுமான அளவு கலந்தால்தான் நீலத் தீ. பித்தளை பர்னர் வைத்த பல ஹாப்கள் இந்தக் காற்றை மேடைக்குக் கீழிருந்து எடுக்கின்றன. நான்கு பக்கமும் பலகை அடித்து மூடினால் காற்று போதாமல் தீ மஞ்சளாகி, கரி படியும். டிராயரை வேகமாகச் சாத்தும்போது உள்ளே இருக்கும் காற்று அழுந்தி பர்னர் வழியே மேலேறும். சின்னத் தீ அந்த ஊதலில் அணையும்.

ஹாப்பின் அடித்தட்டுக்கும் முதல் டிராயருக்கும் நடுவே ஒரு பலகை அடித்து, பின்பக்கம் திறந்து விடச் சொல்லுங்கள். கதவில் ஜாலி வைத்தாலும் சரி. தச்சருக்கு அரை நாள் வேலை. இனி வாங்கப் போகிறவர்கள், பர்னர் காற்றை மேலிருந்து எடுக்கிறதா கீழிருந்தா என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள்.

ஒரே ஒரு பர்னர் மட்டும் மஞ்சளாக எரிந்தால் காரணம் வேறு. பர்னர் மூடி சரியாக உட்காராமல் இருக்கலாம். கலவைக் குழாயில் கரப்பானோ சிலந்தி வலையோ அடைத்திருக்கலாம். பர்னரைக் கழுவினால் ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். ஓட்டையைக் குத்த பல்குச்சி வேண்டாம், முனை உடைந்து உள்ளேயே நிற்கும். ஊசி போதும்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறோம். ஹாப்புக்குக் கீழேயே சிலிண்டரை வைத்துக் கதவைச் சாத்தும் வழக்கம் பரவியிருக்கிறது. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. கசிந்தால் அலமாரியின் அடியில் தேங்கி நிற்கும். சிலிண்டரை வெளியே வைத்து செம்புக் குழாய் இழுப்பது நல்லது. முடியாவிட்டால் அந்த அலமாரியின் தரைமட்டத்தில் காற்றுத் துளைகளாவது விட வேண்டும். ரப்பர் டியூப் ஒன்றரை மீட்டருக்கு மேல் போகக் கூடாது. சுவரையோ பலகையையோ துளைத்து அதைக் கொண்டுபோகவும் கூடாது. கம்பி வலை வைத்த ஆரஞ்சு நிற டியூப்பையும் 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

கேஸையே விட்டுவிட்டு முழுக்க இண்டக்‌ஷனுக்கு மாறினால் மிச்சமாகுமா?
– வாசகர், சென்னை

14.2 கிலோ சிலிண்டர் ஒன்றில் இருக்கும் வெப்பம் ஏறத்தாழ 180 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். கேஸ் அடுப்புக்கு இந்தியத் தர நிர்ணயம் கேட்கும் குறைந்தபட்ச வெப்பத்திறன் 68 சதவீதம். அப்படியானால் பாத்திரத்துக்குள் போவது 122 யூனிட். இண்டக்‌ஷனின் திறனை 85 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அதே சமையலுக்கு 144 யூனிட் ஆகும். உங்கள் பில்லில் கடைசியாக வரும் யூனிட்டின் விலையை 144-ஆல் பெருக்கி, சிலிண்டர் விலையோடு ஒப்பிடுங்கள். சராசரி விலையைப் போட்டால் கணக்கு பொய்யாகும்.

கடைசி யூனிட் என்று அழுத்திச் சொல்லக் காரணம் தமிழ்நாட்டின் இரண்டு மாதக் கணக்கு; யூனிட் கூடக் கூட அடுத்த யூனிட்டின் விலையும் ஏறும். 45 நாளைக்கு ஒரு சிலிண்டர் என்றால் 60 நாளில் 190 யூனிட் கூடும். இப்போது 350 யூனிட் ஓடும் வீடு 540-க்குப் போய்விடும். 500-ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரையான யூனிட்டுக்குக் கிடைத்த குறைந்த கட்டணமும் போய்விடும். 200, 250 யூனிட்டுக்குள் இருக்கும் சின்னக் குடும்பத்துக்கு இண்டக்‌ஷன் கட்டுப்படியாகலாம். கோடையில் ஏசி ஓடும் வீட்டுக்கு சந்தேகம்தான்.

வயரிங்கையும் பாருங்கள். 2,000 வாட் ஒற்றை அடுப்பு 8.7 ஆம்பியர் இழுக்கும். மிக்ஸிக்குப் போட்ட 6 ஆம்பியர் பிளக்கில் செருகினால் பிளக் கருகும். 16 ஆம்பியர் சாக்கெட்டும், அதற்கு 2.5 சதுர மி.மீ. செம்பு வயரும் வேண்டும். மேடையில் பதிக்கும் 4 வட்ட இண்டக்‌ஷன் ஹாப் 7,000 வாட் வரை, அதாவது 30 ஆம்பியர் எடுக்கும். அதற்கு மெயின் போர்டிலிருந்து தனி லைன், 6 சதுர மி.மீ. வயர், 32 ஆம்பியர் எம்.சி.பி. (சுமை மீறினால் தானாக அணையும் சுவிட்ச்), சரியான எர்த் எல்லாம் தேவை. உங்கள் இணைப்புக்கு அனுமதித்த மின்சுமை அதைத் தாங்குமா என்று எலக்ட்ரீஷியனிடம் முதலில் கேளுங்கள்.

பாத்திரத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அடியில் காந்தம் அழுத்தமாக ஒட்டினால் வேலை செய்யும். அலுமினியக் குக்கர், செம்பு, பித்தளை, மண் சட்டி, கல் சட்டி எதுவும் ஆகாது. இரும்புத் தோசைக்கல் சூடாகும். ஆனால் உள்ளே இருக்கும் சுருள் 18, 20 செ.மீ. அகலம்தான். 30 செ.மீ. கல்லில் நடுவில் தோசை கருகும், ஓரம் வேகாது. வார்ப்பிரும்புக் கல்லை எடுத்த எடுப்பில் 2,000 வாட்டில் வைத்தால் விரிசல் விடவும் கூடும். குறைந்த வாட்டில் 5 நிமிடம் வைத்து, பிறகு ஏற்றுங்கள்.

எங்கள் தேர்வு: தோசைக்கும் தாளிப்புக்கும் 2 பர்னர் கேஸ், பால், வெந்நீர், குக்கருக்கு ஒரு தனி இண்டக்‌ஷன். இரண்டையும் ஒரே கண்ணாடியில் சேர்த்த கலப்பு ஹாப் வேண்டாம். ஒன்று கெட்டால் இரண்டையும் கழற்ற வேண்டியிருக்கும்.

கண்ணாடி ஸ்டவ் வெடிக்கும் என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, மதுரை

உடைவது உண்மை. கடினமாக்கிய கண்ணாடி என்பதால் உடையும்போது முழுத் தகடும் ஒரே நொடியில் சிறு துண்டுகளாகச் சிதறும், சத்தமும் வரும். அதனால்தான் வெடித்தது என்கிறோம். பர்னரை முழுக்க மறைக்கும் அகலமான அண்டாவை மணிக்கணக்கில் வைத்தால் வெப்பம் மேலே போக வழியின்றிக் கண்ணாடிக்கே திரும்பும். மூடி கோணலாக உட்கார்ந்து தீ கீழ்நோக்கி அடிப்பது, சூடான கண்ணாடியை ஈரத்துணியால் துடைப்பது, குக்கர் அடி கண்ணாடியின் விளிம்பில் இடிப்பது ஆகியவையும் காரணங்கள். விளிம்பில் பட்ட அடிக்கு அன்றைக்கே உடையாமல், சில நாள் கழித்துக் காரணமே இல்லாததுபோல் உடையலாம்.

6 மி.மீ. கண்ணாடியைவிட 8 மி.மீ. உறுதி. பாத்திரத் தாங்கி உயரமாக இருப்பதாகப் பாருங்கள். இட்லிக் கொப்பரை, பலகாரச் சட்டி என்று பெரிய பாத்திரம் அடிக்கடி ஏறும் வீட்டுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மேல்தட்டே போதும். பளபளப்பு குறைவு, கவலையும் குறைவு.

எங்கள் அடுக்ககத்துக்குக் குழாய் எரிவாயு வரப்போகிறது. இப்போதுள்ள ஹாப்பையே பயன்படுத்தலாமா?
– வாசகர், அம்பத்தூர்

பெரும்பாலும் முடியும், ஜெட்டை மாற்றினால். சிலிண்டர் கேஸ் ஏறத்தாழ 30 மில்லிபார் அழுத்தத்தில் வருகிறது, குழாய் வாயு 21-இல். அதே கன அளவில் குழாய் வாயுவின் வெப்பமும் குறைவு. அதே சூடு வேண்டுமென்றால் ஜெட் துளையின் பரப்பு ஏறத்தாழ இரு மடங்காக வேண்டும். சிம் திருகையும் மறுபடி சரிசெய்ய வேண்டும், இதைத்தான் பலர் மறக்கிறார்கள். துளையை டிரில் வைத்துப் பெரிதாக்கித் தருகிறேன் என்பவரை அனுப்பிவிடுங்கள். அந்த மாடலுக்கு உரிய ஜெட்டையே போட வேண்டும். கழற்றிய பழைய ஜெட்டுகளை ஒரு டப்பாவில் பத்திரப்படுத்துங்கள். வீடு மாறி மறுபடி சிலிண்டருக்குப் போனால், பெரிய துளையோடு பற்றவைப்பது ஆபத்து.

தீ அணைந்தால் கேஸ் தானாக நிற்கும் ஹாப் வாங்கினோம். நாப்பிலிருந்து கையை எடுத்ததுமே அணைகிறது.
– வாசகி, நாகர்கோவில்

பற்றியதும் 5 விநாடி நாப்பை அழுத்திப் பிடித்திருங்கள். பர்னர் ஓரத்தில் இருக்கும் சின்னக் கம்பிதான் தெர்மோகப்பிள். அது சூடேறித் தரும் சில மில்லிவோல்ட் மின்சாரம்தான் வால்வைத் திறந்து பிடிக்கிறது. பிடித்தும் அணைந்தால், முனையில் சாம்பாரோ பாலோ பொங்கிப் படிந்திருக்கும். ஆறிய பிறகு மென்மையான உப்புத்தாளால் துடையுங்கள். பக்கத்தில் இருக்கும் இன்னொரு கம்பி பொறி தருவது, அதை அசைக்க வேண்டாம். நாப் இறுகினால் தேங்காயெண்ணெய் விடாதீர்கள். உள்ளே இருக்கும் கிரீஸைக் கரைத்துக் கசிவை உண்டாக்கும்.

மாமனாருக்கு பேஸ்மேக்கர் வைத்திருக்கிறது. வீட்டில் இண்டக்‌ஷன் இருக்கலாமா?
– வாசகி, ஈரோடு

இருக்கலாம். அடுப்பு ஓடும்போது அவர் 60 செ.மீ., அதாவது 2 அடி தள்ளி நிற்பது வழக்கமான அறிவுரை. அவரே சமைப்பவர் என்றால், கருவி வைத்த மருத்துவரிடம் கேட்காமல் வாங்க வேண்டாம்.

வாடகை வீடு, இரண்டு பேர். கேஸ் இணைப்பு இல்லை. இண்டக்‌ஷன் வாங்கவா, இன்ஃப்ராரெட் வாங்கவா?
– வாசகர், ஓசூர்

புதிதாகப் பாத்திரம் வாங்குவீர்கள் என்றால் இண்டக்‌ஷன். வீட்டிலிருந்து அலுமினியமும் மண் சட்டியும் கொண்டுவந்திருந்தால் இன்ஃப்ராரெட், அதாவது கண்ணாடிக்குக் கீழே சுருள் சிவந்து சூடு தரும் அடுப்பு. அதில் எந்தப் பாத்திரமும் ஏறும், கம்பி வலை வைத்து அப்பளமும் சுடலாம். மின்சாரம் கொஞ்சம் கூடுதலாகும். அணைத்த பிறகும் அதன் கண்ணாடி நெடுநேரம் கொதிக்கும். ஈயச் சொம்பில் ரசம் வைப்பவர்கள் இதைக் கவனியுங்கள்: ஈயச் சொம்பு என்று நாம் சொல்வது வெள்ளீயம், 232 டிகிரியில் உருகிவிடும். ரசம் நுரை கட்டியதும் சுவிட்சை அணைப்பதோடு விடாமல், சொம்பையும் இறக்கிக் கீழே வையுங்கள்.