12 வோல்ட் வருது, பிரேக் மட்டும் வரல

கேள்வி: சார், வெளிநாட்டுலேர்ந்து இறக்குன ரெண்டு சக்கர கேரவன் ட்ரெய்லர் வெச்சிருக்கேன், ஸ்கார்ப்பியோல கட்டி இழுக்கறேன். மழை சீசன் முழுக்க வீட்டு வாசல்லயே நின்னுச்சு. இப்ப ஈசிஆர்ல எடுத்துட்டுப் போனா ட்ரெய்லர் பிரேக்கே பிடிக்கல, பின்னாடிலேர்ந்து காரை தள்ளுது. மெக்கானிக் ட்ரெய்லருக்கு கரன்ட் போற பிளக்ல மீட்டர் வெச்சுப் பார்த்துட்டு 12 வோல்ட் வருது, ஆனா ட்ரெய்லர் பிரேக்குக்கு கரன்ட் அனுப்பற, கார்ல இருக்கற பிரேக் கன்ட்ரோலர் போச்சு, மாத்துங்கன்னு சொல்றார். மாத்திடலாமா?
- வாசகர், நீலாங்கரை

பதில்: பர்ஸை உள்ள வைங்க சார். 12 வோல்ட் வெளிய வருதுன்னும் சொல்றார், கன்ட்ரோலர் போச்சுன்னும் சொல்றார், ரெண்டும் எப்படி ஒத்துப்போகும்? அதுக்காக அந்த 12 வோல்ட்டையும் அப்படியே நம்பிடாதீங்க. வெறும் பிளக்ல மீட்டர் வெச்சா மீட்டர் கரன்ட்டே இழுக்காது, அதனால உள்ள எல்லா இழையும் அறுந்து ஒரே ஒரு இழை மிச்சமிருக்கற ஒயர்ல கூட முழுசா 12 காட்டும். பிரேக்குக்கு அது பத்தாது. டிரம்முக்குள்ள ஒரு எலக்ட்ரோ மேக்னட் இருக்கு, கரன்ட் பாஞ்சதும் அது சுத்தற டிரம்மோட முகத்துல ஒட்டிக்கிட்டு கூடவே கொஞ்சம் இழுபடும், அந்த இழுப்புல ஒரு லீவர் திரும்பி பிரேக் ஷூவை விரிக்கும். 10 இன்ச், 12 இன்ச் பிரேக்னா ஒரு மேக்னட்டே சுமாரா 3லேர்ந்து 4 ஆம்பியர் குடிக்கும், உங்க ரெண்டு சக்கரத்துக்கும் சேர்த்து 6லேர்ந்து 8.

அதனால வோல்ட்டை விடுங்க, ஆம்பியரைப் பாருங்க. ட்ரெய்லர் பிளக்கை கார்லேர்ந்து கழட்டிட்டு, சக்கரத்துக்கு கட்டை கொடுத்துட்டு, ஒரு 12 வோல்ட் பேட்டரிலேர்ந்து 15 ஆம்பியர் பியூஸ் போட்டு, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் சாக்கெட்ல மாத்தி நடுவுல சேர்த்து, ட்ரெய்லரோட பிரேக் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நேரா சப்ளை கொடுங்க. அமெரிக்க வண்டின்னா பெரும்பாலும் நீலம் பிரேக், வெள்ளை எர்த். ஆனா நடுவுல யாராவது கை வெச்சிருப்பாங்க, அதனால பிளக்கை பிரிச்சு எந்த ஒயர் எங்க போகுதுன்னு பார்த்துட்டே கொடுங்க. 6க்கு மேல காட்டினா ட்ரெய்லர் ஒயரிங் நல்லாருக்கு, கார் பக்கம் பாருங்க. 3, 4ல நின்னா ஒரு சக்கரம் வேலை செய்யல. ஒண்ணுமே இல்லன்னா எங்கயோ கட். பியூஸ் போச்சுன்னா ஷார்ட், ஆக்ஸில் பைப்புக்குள்ள போற ஒயர் உரசி தோல் உரிஞ்சிருக்கான்னு முதல்ல அதைப் பாருங்க.

என் சந்தேகம் எர்த் மேலதான். கடல் காத்துல ஒரு மழை சீசன் நின்ன பிளக்கை பிரிச்சா ஸ்க்ரூவைச் சுத்தி பச்சையா களிம்பு பூத்திருக்கும், ஒயரை லேசா இழுத்தா கையோட வந்துரும். சேஸிஸ்ல எர்த் போல்ட்டுக்கு அடியில பெயின்ட்டும் துருவும் சேர்ந்து கெடக்கும். பேட்டரி நெகட்டிவ்லேர்ந்து ஒரு தனி ஒயரை நேரா மேக்னட்டோட எர்த் முனைக்கு கொடுத்துப் பாருங்க, ஆம்பியர் குப்புனு ஏறிச்சுன்னா ஆளு சிக்கிட்டான், ஒயர் முனைக்கு புது லக் (போல்ட்ல மாட்டற உலோக வளையம்) அடிச்சு, இடத்தை பளிச்சுனு தேய்ச்சு டைட் பண்ணுங்க. சில பேர் காரையும் ட்ரெய்லரையும் சேர்க்கற கப்ளிங் பந்து வழியாவே எர்த் போகுதுல்லன்னு சமாதானம் சொல்வாங்க. கிரீஸ் தடவின பந்தை நம்பியா பிரேக்கு?

அதுக்கும் மசியலன்னா மேக்னட்டை கழட்டி ஓம்ஸ் பாருங்க, ரெண்டு ஒயருக்கும் நடுவுல 3 சொச்சம் இருக்கணும், ஒயருக்கும் மேக்னட் உடம்புக்கும் நடுவுல தொடர்பே காட்டக்கூடாது. எல்லாம் சரியா இருந்தும் பிடிக்கலன்னா ஷூ தேஞ்சு கேப் விழுந்திருக்கும். பழைய மாடல் எலக்ட்ரிக் பிரேக் தானா அட்ஜஸ்ட் ஆகாது, பின்னாடி ஓட்டை வழியா ஸ்டார் வீலை, அதாவது பல் வெச்ச குட்டி சக்கரத்தை, திருப்பித்தான் டைட் வைக்கணும்.

கேள்வி: பிரேக் போட்டா ட்ரெய்லர் ஒரு பக்கமா இழுக்குது, ரெண்டு பக்கமும் கரன்ட் சரியாத்தான் போகுது.
- வாசகர், அம்பத்தூர்

பதில்: சமீபத்துல பேரிங்குக்கு கிரீஸ் அடிச்சீங்களா? கன்ல பலமா அடிச்சா ஆயில் சீலை தாண்டி உள்ள போய் ஷூல உக்காந்துரும். டிரம்மை கழட்டிப் பாருங்க, ஷூ கிரீஸ்ல ஊறியிருந்தா பெட்ரோல் போட்டு கழுவி திரும்ப மாட்டற வேலையே வேணாம், லைனிங்குக்குள்ள இறங்கினது சூடானா திரும்ப வெளிய வரும். ஷூவை ரெண்டு பக்கமும் சேர்த்து மாத்துங்க, சீலும் புதுசு போடுங்க.

கேள்வி: ட்ரெய்லர் கழண்டுட்டா தானா பிரேக் பிடிக்கற அந்த பின் வேலை செய்யுதான்னு எப்படி தெரிஞ்சிக்கறது?
- வாசகர், மாதவரம்

பதில்: முதல்ல கார் பிளக்கை கழட்டிடுங்க, இல்லன்னா பின்னை இழுத்ததும் ட்ரெய்லர் பேட்டரிலேர்ந்து வர்ற கரன்ட் ரிவர்ஸ்ல கார் கன்ட்ரோலருக்குள்ள ஏறும். அப்புறம் ஒரு பக்கத்தை ஜாக்கில தூக்கி, சக்கரத்தை கையால சுத்தவிட்டு, ஆளை வெச்சு பின்னை இழுங்க. டக்குனு நிக்கணும். நின்னதும் பின்னை திரும்ப மாட்டிருங்க, அப்படியே விட்டா ட்ரெய்லர் பேட்டரி காலி. நிக்கலன்னா அந்த குட்டி பேட்டரியதான் முதல்ல பாருங்க, அதை யாரும் சார்ஜ் பண்றதே இல்ல.