இலவச மென்பொருளுக்கு யார் படியளப்பது?

வணக்கம்.

திறமூல மென்பொருள்களை (ஓப்பன் சோர்ஸ், அதாவது நிரல் எல்லோருக்கும் திறந்திருப்பவை) நம்பித்தான் எங்கள் நிறுவனம் ஓடுகிறது. இந்த வருடம் அவற்றுக்கு ஏதாவது பணம் கொடுக்க மேலிடத்தில் சம்மதித்துவிட்டார்கள். நமக்கு வேண்டிய வசதியை யார் எழுதித் தருகிறாரோ அவருக்கு இவ்வளவு என்று சன்மானம் அறிவிக்கலாம் என்பது என் யோசனை. என் நண்பரோ, ஆசைக்குச் செய்கிற வேலையில் காசு நுழைந்தால் ஆசையே போய்விடும், கொடுக்கவே வேண்டாம் என்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் நண்பர் பாதி சரி. புதிதாக ஒன்றை எழுதுகிற சுகத்துக்குக் கூலி தேவையில்லை, அதற்கு ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். எழுதியதைப் பத்து வருடம் கூடவே இருந்து பார்த்துக்கொள்வதுதான் சள்ளை பிடித்த வேலை. முன்பின் தெரியாதவர் அனுப்பிய நிரலை வரி வரியாகப் படிக்க வேண்டும், பழையது உடையாமல் புதிய பதிப்பை வெளியிட வேண்டும், நடுவில் 'இன்னுமா சரிசெய்யவில்லை?' என்று அதட்டுகிறவருக்கும் பதில் சொல்ல வேண்டும். உங்கள் சன்மானத் திட்டம் இந்த ஆளைத்தான் விட்டுவிடுகிறது. வசதியை எழுதியவர் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார். அதைக் காலமெல்லாம் கட்டி மாரடிக்கப் போகிறவருக்கு ஒரு பைசா கிடையாது.

2024 மார்ச்சில் நடந்ததைப் பாருங்கள். எக்ஸ்இசட் யூட்டில்ஸ் என்பது கோப்புகளைச் சுருக்குகிற சின்ன மென்பொருள், லினக்ஸ் இயங்குதளத்தின் கிட்டத்தட்ட எல்லா வகைகளிலும் உண்டு. பல ஆண்டுகளாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தது ஒரே ஒருவர். இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்று அவர் 2022-லேயே எழுதியிருந்தார். ஏன் இவ்வளவு தாமதம் என்று சிலர் அவரை நெருக்கினார்கள். 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் அதற்கு முன்பே உதவிக்கு வந்திருந்தார். ஒழுங்காக வேலை செய்தார், நம்பிக்கையைப் பெற்றார், வெளியீட்டுப் பொறுப்பும் கைக்கு வந்தது. அப்புறம் உள்ளே ஒரு கள்ளக்கதவை, அதாவது பிறர் கணினிக்குள் ரகசியமாக நுழையும் வழியை, வைத்தார். அப்படி ஒரு ஆள் உண்மையில் இருக்கிறாரா என்பதே இன்றுவரை யாருக்கும் தெரியாது.

கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட். தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். அதைத் தோண்டிக்கொண்டே போனார். அவர் மைக்ரோசாஃப்டில் சம்பளம் வாங்கிக்கொண்டு போஸ்ட்கிரெஸ் என்ற திறமூலத் தரவுத்தளத்தில் வேலை செய்பவர். அதிர்ஷ்டமும் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அரை விநாடியின் பின்னால் போவதற்கு முதலில் ஒருவருக்கு நேரம் வேண்டும். எனக்கு இந்தக் கதையில் உறைப்பது இதுதான்: ஏமாந்தவர் ஓய்வு நேரத்தில் உழைத்தவர், பிடித்தவர் அதையே பிழைப்பாகக் கொண்டவர்.

இணையத்தின் பூட்டாக இருக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல்லின் அறக்கட்டளைக்கு, 2014-இல் அதிலிருந்த ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியாகும்வரை, வருடத்துக்குச் சுமார் 2,000 டாலர்தான் நன்கொடை வந்துகொண்டிருந்தது. மானம் போனபிறகு பெரிய நிறுவனங்கள் கூடிப் பணம் போட்டன. வீடு எரிந்தபிறகு கிணறு வெட்டுகிற இந்தப் பழக்கம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

நல்ல ஏற்பாடுகளும் உண்டு. ஏறக்குறைய எல்லா கைபேசியிலும் இருக்கும் எஸ்கியூலைட் என்ற சிறு தரவுத்தளத்துக்கு, அதைப் பயன்படுத்தும் சில நிறுவனங்கள் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்து வருடாவருடம் பணம் கட்டுகின்றன. சிறு குழு ஒன்று அதில் வாழ்கிறது (வெளியார் அனுப்பும் நிரலை அவர்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை என்பது வேறு கதை). ஜெர்மன் அரசு 2022-இல் இதற்கென்றே ஒரு நிதியம் தொடங்கியது. புதுமைக்கு அல்லாமல் பராமரிப்புக்கென்றே ஒரு அரசு பணம் ஒதுக்கியது பெரிய விஷயம்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சன்மானம் வேண்டாம். உங்கள் மென்பொருள் எதையெல்லாம் சார்ந்திருக்கிறது என்று பட்டியல் எடுங்கள், அதில் ஓரிருவர் மட்டும் தாங்கிக்கொண்டிருப்பவற்றைப் பிரித்து வையுங்கள். பெரிய பெயர்களுக்கு மற்றவர்கள் கொடுப்பார்கள். ஒரே தடவையாகப் பெரிய தொகை வேண்டாம், சிறியதாக இருந்தாலும் வருடாவருடம் வரட்டும். நன்கொடைக் கணக்கில் எழுதாமல் பராமரிப்புச் செலவாக எழுதச் சொல்லுங்கள். நன்கொடை என்றால் லாபம் குறைகிற வருடத்தில் முதலில் அதில்தான் கை வைப்பார்கள்.

கொடுப்பதற்கு முன் அவரிடமே கேட்டுவிடுங்கள். பணம் வாங்கினால் கட்டுப்பட்டுவிடுவோம் என்று தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள், வேறிடத்து வேலை ஒப்பந்தம் இடம் கொடுக்காதவர்களும் உண்டு. அப்படிப்பட்டவருக்கு, வாரத்தில் அரைநாள் அலுவலக நேரத்திலேயே வந்து வழு அறிக்கைகளைப் பிரித்துக் கொடுக்க உங்கள் குழுவிலிருந்து ஒருவரை அனுப்பினால் போதும். ஆனால் இரண்டு வருடமாவது அதே ஆளை அனுப்புங்கள்.